நாளை எண்ணுங்கள்

(சோழபுரத்தில் மாலைப் பொதுக்கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

வேலைவிட்டு வந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் இங்கே உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, தளவாய்புரம், முகவூர், செட்டியார்பட்டியிலிருந்து வந்திருக்கும் தங்கச்சிமார்களே, அதோ பின்னால் பைக்கில் சாய்ந்துகொண்டு "இந்தத் தாத்தா எப்போ முடிப்பார்" என்று செல்போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் தம்பிமார்களே!

தம்பிமார்களுக்கு முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் உங்களுக்கு அறிவுரை சொல்ல வரவில்லை. உழைத்தால் உயரலாம், அதிகாலையில் எழு, ஆங்கிலம் படி என்று உங்களுக்கு இதுவரை கிடைத்த அறிவுரைகளை மூட்டை கட்டினால் நம் கண்மாய்க்குக் கரையே போட்டுவிடலாம். நான் வந்திருப்பது பெரியவர்களோடு சண்டை போட. நீங்கள் கேட்டுக்கொண்டிருந்தால் போதும்.

இன்று காலையில் டீக்கடையில் ஒரு பெரியவர் சொன்னார்: "ஊருக்குள்ள வேல கொட்டிக் கெடக்கு அண்ணாச்சி. இந்தக் காலத்துப் பயலுக ஒருத்தனும் ஒரு எடத்துல நிக்க மாட்டேங்கான்." நல்ல மனிதர்தான். நாலு பேருக்கு வேலை கொடுக்கிறவர். டீக்கும் அவர்தான் காசு கொடுத்தார். ஆனாலும் அவர் சொன்ன அந்த வாக்கியத்தோடுதான் எனக்கு இன்றைய வழக்கு.

வேலை கொட்டிக் கிடக்கிறதா? கிடக்கிறது, மறுக்கவில்லை. ராஜபாளையத்தில் 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ஒரு பஞ்சாலையைத் தொடங்கினார். அதற்குப் பின் இந்த வட்டாரமே நூலால் பிழைக்கக் கற்றுக்கொண்டது. சத்திரப்பட்டி பக்கம் போனால் தறியில் பேண்டேஜ் துணி ஓடுகிறது. எங்கோ ஓர் ஊர் ஆஸ்பத்திரியில் யாருக்கோ கட்டுப் போடும் துணி இங்கே நெய்ததாக இருக்கும். தளவாய்புரத்தில் நைட்டியும் பாவாடையும் தைத்துத் தமிழ்நாடு முழுக்க அனுப்புகிறோம். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா. கிழக்கே சிவகாசியில் பட்டாசு, தீப்பெட்டி, காலண்டர். மேற்கே மலையடிவாரத்தில் மாந்தோப்பும் தென்னந்தோப்பும். இவ்வளவும் இருக்கிற வட்டாரத்தில் வேலை இல்லை என்று நான் சொன்னால் நீங்களே சிரிப்பீர்கள்.

சரி, ஒரு தம்பியின் வருஷக் கணக்கைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். பெயர் சொல்லாவிட்டாலும் இந்தக் கூட்டத்தில் பத்துப் பேர் "என்னைத்தான் சொல்றாரு" என்று நினைப்பீர்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவன். வைகாசியில் மாங்காய் பறிக்கப் போவான், பெட்டி ஏற்றுவான். ஆனி, ஆடியில் கோயில் கொடைக்கு லைட் கட்டுவான். ஆவணியில் சிவகாசியில் காலண்டர் அச்சகத்தில் பைண்டிங். தீபாவளிக்கு முந்தின இருபது நாள் ராஜபாளையத்தில் ஒரு ஜவுளிக்கடையில் துணி எடுத்துப் போட்டு மடித்து வைப்பான். கார்த்திகையில் மச்சான் கூப்பிட்டார் என்று திருப்பூர். பொங்கலுக்கு ஊருக்கு வருவான், திரும்பிப் போனால் அந்த இடத்தில் வேறு ஆள் நிற்கும். மாசி, பங்குனியில் முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் பந்தி பரிமாறுவான். எண்ணிப் பாருங்கள், ஆறு முதலாளிகள்! ஒரு நாள்கூட அவன் சும்மா இருக்கவில்லை. ஆனால் ஆறு பேரில் ஒருவர் கணக்கிலும் அவன் பெயர் இல்லை.

இப்படி அஞ்சு வருஷம் உழைத்துவிட்டு அவன் வேலைவாய்ப்பு முகாமுக்குப் போகிறான். மேஜைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர் கேட்கிறார், "முன் அனுபவம் உண்டா?" இவன் என்ன சொன்னான் தெரியுமா? "இல்ல சார்" என்றான்.

அஞ்சு வருஷம் முதுகு ஒடிய உழைத்த பிள்ளை, அனுபவம் இல்லை என்று தன் வாயாலேயே சொல்கிறான். பொய்யும் சொல்லவில்லை. காகிதத்தில் இல்லாத அனுபவம் இந்த நாட்டில் அனுபவம் இல்லை. "நிக்க மாட்டேங்கான்" என்று சொன்ன பெரியவரை நான் கேட்கிறேன்: அண்ணாச்சி, அவன் நிற்பதற்கு நீங்கள் எங்கே இடம் போட்டுக் கொடுத்தீர்கள்?

என் கதையையும் கொஞ்சம் கேளுங்கள். 1984-ல் எனக்குப் பத்தொன்பது வயசு. ஒரு மில்லில் பதிலி. பதிலி என்றால் இங்கே இருக்கும் பெரியவர்களுக்குத் தெரியும், தம்பிகளுக்காகச் சொல்கிறேன். நிரந்தரத் தொழிலாளி வராத அன்றைக்கு அவருக்குப் பதிலாகப் போகிறவன். ஒவ்வொரு ஷிப்டுக்கும் தூக்குவாளியோடு கேட்டில் போய் நிற்க வேண்டும். பகல் ஷிப்டுக்கு ஆள் நிறைந்துவிட்டால் அரை நைட்டுக்கு நிற்பது, அதுவும் நிறைந்துவிட்டால் முழு நைட்டுக்கு நிற்பது. மேஸ்திரி வெளியே வந்து விரலை நீட்டுவார். விரல் யார் பக்கம் நீண்டதோ அவன் உள்ளே போவான். மற்றவன் தூக்குவாளியோடு வீட்டுக்கு. கொண்டுபோன சோற்றை அப்படியே திரும்பக் கொண்டுவந்தால் அம்மா ஒன்றும் கேட்கமாட்டாள். கேட்காமல் இருந்ததுதான் எனக்கு வலி.

அப்படி நின்று நின்று 461 நாள் வேலை பார்த்தேன். 462-வது நாள் கேட்டில் என்னை விடவில்லை. "ரெண்டு மாசம் கழிச்சு வா." ஏன் என்று கேட்டால் பதில் இல்லை. டைம் ஆபீசில் இருந்த ஒரு கிளார்க் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு என் பின்னாலேயே வந்து, யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார், "தம்பி, சட்டம் ஒண்ணு வந்திருக்கு. 480 நாள் ஆச்சுன்னா உன்னைய நிரந்தரம் பண்ணணும். அதான்."

ஆக, அந்தச் சட்டத்தை எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது சங்கம் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை. என்னை நிறுத்திய மில்தான். (சிரிப்பு) சிரியுங்கள், பரவாயில்லை. நானும் இப்போது சிரிக்கிறேன். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

தமிழ்நாட்டில் 1981-ல் போட்ட சட்டம் அது. தொழில் நிறுவனங்களில் தொழிலாளருக்கு நிரந்தரத் தகுதி வழங்கும் சட்டம். 24 மாதத்துக்குள் 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள், மாசத்துக்கு 20 நாள். காய்ச்சலில் படுத்த நாள், அனுமதி வாங்கிய லீவு, விபத்தில் கிடந்த நாள் இதெல்லாம் தொடர்ச்சியை அறுக்காது. எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று இருக்கிறது. தொழிலாளி என்றால் யார் என்று சொல்கிற இடத்தில் பதிலியையும் சேர்த்தே எழுதியிருக்கிறார்கள். கேட்டில் தூக்குவாளியோடு நின்ற என்னைச் சென்னைக் கோட்டையில் உட்கார்ந்து யாரோ நினைத்துப் பார்த்திருக்கிறார்கள். எனக்குத்தான் தெரியவில்லை.

நான் நாளை எண்ணவில்லை. மில் எண்ணியது. என் வாழ்க்கையில் நான் தோற்ற இடம் இதுதான். இன்றைக்கும் நம் பிள்ளைகள் தோற்பது இதே இடத்தில்தான்.

இப்போது பதிலி என்ற சொல்லையே காணோம். ஆனால் கேட் இருக்கிறது, விரல் இருக்கிறது. காண்ட்ராக்டர் என்று ஒருவர் நடுவில் வந்திருக்கிறார். பதினொரு மாசம் ஆனதும் 'பிரேக்' என்கிறார்கள். இல்லையென்றால் காண்ட்ராக்டரின் பெயர் மாறுகிறது. அதே வேன், அதே மிஷின், அதே பையன், புதுப் பெயரில் முதல் நாள். இன்னொரு வழி, அப்ரண்டிஸ் என்று எழுதிக்கொள்வது. இந்த அப்ரண்டிஸ் கதையைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். தாய்மார்களே, இது உங்கள் கதை.

1961-ல் டெல்லியில் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று வரதட்சணைத் தடைச் சட்டம். இன்னொன்று தொழில் பழகுநர் சட்டம், அதாவது அப்ரண்டிஸ் சட்டம். முதல் சட்டம், பெண்ணைக் கட்டிக் கொடுக்கக் காசு கேட்கக் கூடாது என்றது. இரண்டாவது சட்டம், தொழில் பழகுகிறவர் தொழிலாளி ஆகமாட்டார் என்றது. இந்த இரண்டையும் ஒரே தறியில் பாவாகவும் ஊடையாகவும் போட்டு நெய்த புத்திசாலிகள் நம் தமிழ்நாட்டு ஆலைகளில் இருந்தார்கள். கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல், நம் பக்கமும்தான். பதினாறு, பதினேழு வயசுப் பெண் பிள்ளையை மூன்று வருஷத்துக்கு ஆலை விடுதியில் விடு, அவள் பழகுநர், மூன்று வருஷம் முடிந்ததும் கல்யாணச் செலவுக்கு 30,000, 40,000, 50,000 ரூபாய் மொத்தமாகத் தருகிறோம். அதற்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? சுமங்கலித் திட்டம். திருமகள் திருமணத் திட்டம். பெயரில் மஞ்சளும் குங்குமமும் மணக்கிறது பாருங்கள்!

தொழில்காரர்கள் அதற்கு வைத்திருந்த பெயர்தான் நேர்மையான பெயர். கேம்ப் கூலி.

அந்தப் பிள்ளை மாசம் 25 நாள் என்று வைத்தாலும் மூன்று வருஷத்தில் 900 நாள் மிஷினோடு நின்றிருக்கிறாள். 480-ஐ ஏறக்குறைய இரண்டு தடவை எட்டிவிட்டாள். நியாயமாகப் பார்த்தால் அவள் நிரந்தரத் தொழிலாளி. ஆனால் கையில் ஒரு தொகையைக் கொடுத்து, கழுத்தில் தாலியைக் காட்டி அனுப்பிவிட்டார்கள். அதுவும் அவள் சம்பளத்திலிருந்து பிடித்து வைத்த பணம். 35-வது மாசத்தில் உடம்புக்கு முடியாமல் வீட்டுக்கு வந்துவிட்டால், பல இடங்களில் அந்தத் தொகையும் கிடையாது. 2011-ல் நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்த இரண்டு அமைப்புகள் இதைப் பற்றி ஓர் அறிக்கை எழுதி ஐரோப்பாவில் இருக்கும் துணிக்கடை முதலாளிகளைக் கேள்வி கேட்டன. அவ்வளவு தூரத்தில் இருக்கிறவனுக்குத் தெரிந்தது, மில் வேன் வந்து வாசலில் நின்று பிள்ளையை ஏற்றிக்கொண்டு போனதைப் பார்த்த நமக்குத் தெரியாதா?

தெரியும். நாம்தான் அனுப்பினோம். இதைச் சொல்லாமல் முதலாளியை மட்டும் திட்டிவிட்டுப் போனால் நீங்கள் கைதட்டுவீர்கள், எனக்குத்தான் தூக்கம் வராது. வேனுக்கு முன்னால் வந்த ஆள்பிடிக்கிறவரிடம் முன்பணம் வாங்கியது நம் கை. "மூணு வருசம் கண்ண மூடித் தொறந்தா போயிரும் தாயி" என்று சொன்னது நம் வாய்.

அந்தப் பெயர்களில் விளம்பரம் செய்வது இப்போது குறைந்துவிட்டது. அரசாங்கம் கண்டித்தது, வெளிநாட்டுக் கம்பெனிகள் கேள்வி கேட்டன. என் கணக்கில் இன்னொரு காரணமும் உண்டு. 2022 செப்டம்பரில் வந்த புதுமைப்பெண் திட்டம். அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்குப் போனால் மாசம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வருகிறது. ஆயிரம் ரூபாய் பெரிய காசா என்று கேட்கலாம். அம்மாவும் அப்பாவும் "மில்லா, காலேஜா" என்று யோசிக்கிற ராத்திரியில் அந்த ஆயிரம் ரூபாய் மகள் பக்கம் நின்று பேசுகிறது. ஆளுங்கட்சியோ எதிர்க்கட்சியோ, நல்லதை நல்லது என்று சொல்லிவிட்டுத்தான் நான் சண்டை போடுவேன்.

ஆனால் விடுதி மூடவில்லை. அதே கட்டில்களில் இன்று ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பிள்ளைகள் படுத்திருக்கிறார்கள். "வடக்கத்தியான் வந்து வேலையப் பிடுங்கிட்டான்" என்று இங்கே சில பேர் பேசுகிறார்கள். அந்தப் பேச்சை இந்த மேடையில் நான் அனுமதிக்கமாட்டேன். அவன் எதைப் பிடுங்கினான்? நாம் நம் மகளை அனுப்பிய அதே கேம்ப் கூலியைத்தான். வீட்டுக்குப் போக முடியாதவன், பன்னிரண்டு மணி நேரமும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறவன், லீவு கேட்கத் தமிழ் தெரியாதவன். ஆலைக்கு வேண்டியது அதுதான். நம் பையனிடம் அது இல்லை என்பதைத்தான் "நிக்க மாட்டேங்கான்" என்று நாகரிகமாகச் சொல்கிறார்கள். ஒடிசாத் தம்பிக்கும் 480 நாள் உண்டு. அவனுக்கும் சேர்த்து எண்ணுங்கள்.

அடுத்து, நல்ல வேலையே கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பி.எஃப். உண்டு, இ.எஸ்.ஐ. உண்டு, முறையான கம்பெனி. அப்போதும் நம் பிள்ளை நாற்பது நாளில் திரும்பி வந்துவிடுகிறான். ஏன்? யாராவது போய் உட்கார்ந்து கேட்டீர்களா? நான் கேட்டேன். ஷூ வாங்க வேண்டும், பேண்ட் சட்டை ரெண்டு செட் வேண்டும், வெளியூர் என்றால் ரூமுக்கு அட்வான்ஸ். முதல் மாசச் சம்பளம் அடுத்த மாசம் ஏழாம் தேதி. நடுவில் முப்பத்தைந்து, நாற்பது நாள் அவன் என்ன சாப்பிடுவான்? இங்கே அம்மாவுக்குக் குழு லோன் தவணை வாராவாரம். தினக்கூலிக்குப் போனால் அன்றைக்குச் சாயங்காலம் கையில் காசு. மாசச் சம்பளம் வாங்கவே வசதி வேண்டியிருக்கிறது, அண்ணாச்சி! ஏழைப் பையன் நல்ல வேலையை விட்டுவிட்டுக் கெட்ட வேலைக்கு ஓடுவதற்குப் பின்னால் சோம்பேறித்தனம் இல்லை. அந்த நாற்பது நாள் இருக்கிறது.

இதற்கு டெல்லிக்கு மனுப் போட வேண்டாம். 1989-ல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் குழு இன்று நம் தெருவுக்கு நாலு இருக்கிறது. ஆடு வாங்கக் கடன் கொடுக்கிறோம், வளைகாப்புக்குக் கொடுக்கிறோம். முதல் சம்பளம் வரும்வரைக்கும் ஒரு பிள்ளைக்குப் பத்தாயிரம் ரூபாய் வட்டியில்லாமல் கொடுத்தால் என்ன? தாய்மார்களே, இதை அடுத்த குழுக் கூட்டத்தில் பேசுங்கள்.

பஸ் விஷயம். 2021 மே மாசத்திலிருந்து பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் காசு இல்லை. மகராசியாகப் போய் வருகிறார்கள். ஆனால் ஷிப்ட் முடியும் நேரத்துக்கு ஊருக்குப் பஸ் இருக்கிறதா? அரை நைட் முடிந்து நடுராத்திரி வெளியே வருகிற பெண் பிள்ளை எந்தப் பஸ்ஸில் ஏறுவாள்? பஸ் இல்லாததால் மில் வேன், மில் வேன் என்பதால் வேன்காரர் சொன்ன நேரம், வேன்காரரோடு சண்டை வந்தால் வேலை போச்சு. ராஜபாளையம் டிப்போவுக்கு நாம் ஒரே ஒரு கோரிக்கை வைப்போம்: பஸ் நேரத்தை ஷிப்ட் நேரத்தோடு ஒட்டிப் போடுங்கள்.

நாங்கள் சொன்னால் கேட்கமாட்டீர்கள் என்றால் எத்தியோப்பியா சொல்வதையாவது கேளுங்கள். அடிஸ் அபாபா என்று அந்த நாட்டின் தலைநகரம். ஊரின் ஓரத்தில் வசிக்கும் ஏழை இளைஞர்களில் ஒரு பகுதியினருக்கு வேலை தேடி நகரத்துக்குள் வந்துபோகப் பஸ் காசு மட்டும் கொடுத்தார்கள். இன்னொரு பகுதியினருக்கு விண்ணப்பம் எழுதவும் நேர்காணலில் பேசவும் பழக்கி, என்ன தெரியும் என்று பரீட்சை வைத்துச் சான்றிதழும் கொடுத்தார்கள். சில மாசம் கழித்துப் பார்த்தால், இரண்டு வகையினரிலும் முறையான வேலை கிடைத்தவர்கள், ஒன்றும் கொடுக்கப்படாதவர்களைவிட அதிகம். நாலு வருஷம் கழித்தும் பார்த்தார்கள். பஸ் காசு வாங்கியவர்களின் முன்னிலை கரைந்துவிட்டது. கையில் காகிதம் வாங்கியவர்கள் கூடுதலாகச் சம்பாதித்துக்கொண்டிருந்தார்கள். 2021-ல் பொருளாதாரப் பத்திரிகையில் வெளியான ஆய்வு. பஸ் கேட் வரைக்கும் கொண்டுபோய் விடும். அதற்கு அப்புறம் காகிதம்தான் பேசும்.

காகிதம் என்று வந்துவிட்டதால், இன்னொரு காகிதத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். கோபித்துக்கொள்ளாதீர்கள். எஃப்.ஐ.ஆர்.

கோயில் கொடையில் மைக் செட் சத்தம், யார் பாட்டை முதலில் போடுவது, எந்தத் தெரு வழியாகச் சப்பரம் போவது. இதில் தொடங்கி, கையில் கட்டின கயிற்றின் கலரில் முடிகிற சண்டை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனை, அவன் தங்கையோடு சேர்த்து, கூடப் படித்த பிள்ளைகளே வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்குப் பின் அரசு நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு குழு அமைத்தது, 2024-ல் அவர் அறிக்கையும் கொடுத்துவிட்டார், சாதியைக் காட்டும் கயிறு பள்ளிக்கூடத்துக்குள் வரக் கூடாது என்று. அறிக்கை பள்ளிக்கூட வாசல் வரைக்கும் வரும். நம் தெருவுக்கு யார் கொண்டுவருவது? சண்டையில் பெரியவர்கள் பின்னால் நின்று "விடாதலே" என்று கத்துவார்கள். எஃப்.ஐ.ஆரில் பத்தொன்பது வயசுப் பையன் பெயர் ஏறும். நாலு வருஷம் கழித்து அவன் போலீஸ் தேர்வில் ஓட்டம் ஓடி, கயிறு ஏறி, பரீட்சையும் பாஸாகி நிற்கும்போது அந்தக் காகிதம் மேலே வரும். பாஸ்போர்ட்டுக்குப் போனால் வரும். கம்பெனிக்காரன் காவல்துறைச் சரிபார்ப்பு கேட்டால் வரும். அன்றைக்கு "விடாதலே" என்று கத்தின மாமாவைத் தேடிப் பாருங்கள், தோப்பில் தேங்காய் எண்ணிக்கொண்டிருப்பார்.

இதன் மறுபக்கமும் உண்டு. காண்ட்ராக்டர் ஆள் எடுக்கும்போது முதல் கேள்வி "என்ன படிச்சிருக்க" இல்லை. "யார் வீட்டுப் பையன், எந்தத் தெரு." தெருப் பெயரைக் கேட்டுவிட்டு "சொல்லி அனுப்புறேன்" என்று அனுப்பப்பட்ட பிள்ளைகள் இந்தக் கூட்டத்தில் உண்டு. வேலை இருக்கிறது, அது தெரு பார்த்துக் கிடைக்கிறது என்றால், அதற்கும் பையன்மேல்தான் பழியா?

சர்க்காரிடம் வருகிறேன். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து அஞ்சு வருஷம் காத்திருந்தால் உதவித்தொகை உண்டு. பத்தாவது தோற்றவருக்கு மாசம் 200 ரூபாய், பாஸானவருக்கு 300, பன்னிரண்டாவது முடித்தவருக்கு 400, பட்டதாரிக்கு 600. நான் கேலி செய்யவில்லை, அரசாணையைச் சொல்கிறேன். 600-ஐ முப்பதால் வகுத்தால் நாளைக்கு 20 ரூபாய். பட்டதாரியே, டீயும் வடையும் சாப்பிட்டுக்கொண்டு வேலை தேடு! அஞ்சு வருஷம் கழித்துக் கொடுக்கிற இந்தக் காசை, வேலை கிடைத்த முதல் நாற்பது நாளில் கொடுத்திருந்தால் பாதிப் பேர் வேலையில் நின்றிருப்பார்கள்.

பரீட்சை எழுதுங்கள் என்கிறார்கள். எழுதுகிறோம். 2024-ல் குரூப் 4 தேர்வு அறிவிப்பில் 6,244 இடம். விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கு மேல். 320 பேருக்கு ஒரு நாற்காலி. எழுதாதே என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்த நாற்காலிக்காகவே இருபத்தெட்டு வயசு வரைக்கும் வாசகசாலையில் உட்கார்ந்துவிட்டு எழுந்து வருகிற பிள்ளையையும் நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நான் முதல்வன் திட்டம் 2022 மார்ச்சில் வந்தது. கல்லூரிக்குள் இருக்கிற பிள்ளைக்குப் பயிற்சி கிடைக்கிறது, சந்தோஷம். பாதியில் நின்ற பிள்ளை, ஓவர்லாக் மிஷினில் பீஸ் ரேட்டுக்கு உட்கார்ந்திருக்கிற பிள்ளை, அவர்களுக்குப் பயிற்சி என்றால் அந்த நாள் கூலி போகுமே? கூலியோடு பயிற்சி கொடுங்கள். கூலி இல்லாத பயிற்சி வசதி உள்ள வீட்டுப் பிள்ளைக்கான பயிற்சி.

இனி வரப்போவதைச் சொல்கிறேன். நம் மாவட்டத்தில் இ.குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கரில் மாபெரும் ஜவுளிப் பூங்கா என்று 2023 மார்ச்சில் ஒப்பந்தம் போட்டார்கள். இந்த மாதிரிப் பூங்கா ஒவ்வொன்றிலும் நேரடியாக 1 லட்சம் பேருக்கு வேலை, மறைமுகமாக 2 லட்சம் பேருக்கு என்று ஒன்றிய அரசு சொன்னது. வரட்டும், வரவேற்கிறேன். ரிப்பன் வெட்டுகிற அன்றைக்கு எல்லாரும் கேட்பார்கள், எத்தனை பேருக்கு வேலை என்று. நீங்கள் வேறு ஒன்றைக் கேளுங்கள்: எத்தனை பேர் 480 நாளைத் தாண்டினார்கள்? வருஷா வருஷம் அந்தக் கணக்கைக் கம்பெனி வாரியாகக் கலெக்டர் ஆபீஸ் சுவரில் ஒட்டுங்கள். இடம் கொடுத்தது எங்கள் மண், சலுகை கொடுத்தது எங்கள் வரிப்பணம். கேட்க எங்களுக்கு உரிமை உண்டு.

2025 நவம்பர் 21-லிருந்து ஒன்றிய அரசு நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்கிறது. அவற்றோடு எனக்குச் சண்டை நிறைய உண்டு. குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் வேலை என்பதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டார்கள், அதைப் பேச இன்னொரு கூட்டம் போட வேண்டும். ஆனால் அதில் ஒரு வரியை இன்று ராத்திரியே எடுத்துக்கொள்வோம். வேலைக்கு எடுக்கிற ஒவ்வொருவருக்கும் நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும் என்கிறார்கள். கேளுங்கள். ஜவுளிக்கடையில் கேளுங்கள், அச்சகத்தில் கேளுங்கள், தையல் கூடத்தில் கேளுங்கள். தனியாகக் கேட்டால் "நாளைக்கு வராத" என்பார்கள். பத்துப் பேராகப் போங்கள்.

மேடைக்குக் கீழே மேஜையில் நூறு பக்க நோட்டு அடுக்கி வைத்திருக்கிறோம். ஒரு பிள்ளைக்கு ஒன்று. அதில் கோடு போட்டு வைத்திருக்கிறோம்: தேதி, எந்த இடம், எந்த ஷிப்ட், என்ன கூலி, கூப்பிட்டது யார். தினமும் படுக்கப் போவதற்கு முன்னால் ஒரே ஒரு வரி எழுதுங்கள். நோட்டு மட்டும் கோர்ட்டில் நிற்குமா என்று ஒரு தம்பி கேட்டான். கெட்டிக்காரன். தனியாக நிற்காது. ஆனால் பேங்க் கணக்கில் கூலி ஏறின தேதி, பி.எஃப். பாஸ்புக், கூட வேலை பார்த்தவர் சாட்சி, இவை எல்லாவற்றையும் கோர்த்துப் பிடிக்க ஒரு நூல் வேண்டுமே, அதுதான் நோட்டு. தொழிலகப் பாதுகாப்பு ஆய்வாளரிடம் போனால் "எத்தனை நாள் வேலை பார்த்தாய்" என்றுதான் முதலில் கேட்பார். "ஒரு ரெண்டு வருஷம் இருக்கும் சார்" என்று சொல்லாதீர்கள். நாளைச் சொல்லுங்கள்.

என் நோட்டு 461-ல் நின்றுவிட்டது. நின்றதுகூட இல்லை, நான் எழுதவே இல்லை. கிளார்க் சொல்லித்தான் எனக்கே தெரியும். அப்புறம் வேறு ஆலையில் மூன்று வருஷம் போராடி நிரந்தரம் ஆனேன். அது வேறு கதை.

தளவாய்புரம் பஸ் வருகிற நேரம் ஆகிவிட்டது, அந்தப் பிள்ளைகளுக்கு முதலில் வழி விடுங்கள். இன்று வேலைக்குப் போனவர்கள் இன்றைய வரியை இங்கேயே எழுதிவிட்டுப் போங்கள். பேனா ரெண்டுதான் இருக்கிறது, அடித்துக்கொள்ளாமல் வரிசையில் வாருங்கள். பைக்கில் சாய்ந்திருக்கிற தம்பி, நீயும்தான். இறங்கி வா.